கிரைண்டர் ஓடும்போது

"ஏன் நிறுத்திட்டீங்க?" கதவைத் திறந்ததும் ஹெனியா ஆன்ட்டி ஆங்கிலத்தில் கேட்டது இதுதான்.

அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். 1994இல் குடிவந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அந்தச் சுவரை நினைத்துத்தான் பயம். கிரைண்டரின் அடியில் டவலை மடித்து வைத்துத்தான் மாவு அரைப்பார். அன்று வாசல் மணி அடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

"ஸாரி சொல்லுடி," என்றார் அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "இனிமே கராஜ்ல வெச்சு அரைக்கிறோம்னு சொல்லு. கம்ப்ளெயின்ட் பண்ணிடப் போறா."

சொன்னேன்.

"கராஜா? கூடவே கூடாது. அது என்ன மெஷின்?"

"அரிசி அரைக்கிறது. உள்ளே கல் இருக்கு."

"நிஜக் கல்லா? ஓட விடு, பார்க்கிறேன். உங்கம்மா ஏன் திருடி மாதிரி முழிக்கிறாங்க?"

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

கிரைண்டர் மறுபடி ஓடியது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, காபி குடித்தபடியே, ஆன்ட்டி தன் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவருக்குப் பத்தொன்பது வயது. போலந்தில் அவர் ஊரின் யூதர்களைக் கொல்வதற்காக ரயிலேற்றிக் கொண்டுபோனபோது, தங்கை ஃபேலாவுடன் தப்பி ஒரு மாவு மில்லின் பரணில் ஒளிந்தார். மில் ஓடும்போது பேசலாம், இருமலாம், சண்டைகூடப் போடலாம். நின்றுவிட்டால் மூச்சையும் அடக்க வேண்டும். மாவுத் தூசியில் ஃபேலாவுக்குத் தீராத இருமல்.

ஒரு நாள் கீழே சிப்பாய்கள் வந்தார்கள். மில் நின்றது. இருமல் நிற்கவில்லை. ஹெனியா தங்கையின் வாயைப் பொத்தினார். மூச்சு முட்டி அவள் உள்ளங்கையைக் கடித்துக் கிழித்தாள். ஹெனியா கையை எடுக்கவில்லை. சிப்பாய்கள் போன பிறகு எடுத்தபோது ஃபேலா அசையாமல் கிடந்தாள். கன்னத்தில் அறைந்து அறைந்துதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இப்ப இஸ்ரேல்ல இருக்கா. போன்ல வாயை மூடவே மாட்டா," என்று சிரித்தார். "அந்த நாளைப் பத்தி மட்டும் நாங்க பேசினதே இல்லை. நான் அவளைக் கொல்லப் பார்த்தேன்னு நினைக்கிறாளோ என்னவோ."

அமெரிக்காவில் ஆன்ட்டி பள்ளி பஸ் ஓட்டி ரிட்டயரானவர். பிள்ளைகள் என்ன கத்தினாலும் ஒரு முறைகூட 'உஷ்' சொன்னதில்லையாம். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட நடுங்கிய அம்மாவை, பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடிக்கொண்டே ஓட்ட வைத்தவரும் அவர்தான். அவ்வளவு பார்த்த மனுஷியிடம் இவ்வளவு சிரிப்பு எப்படி மிஞ்சியது என்று எனக்கு இன்றும் வியப்புதான். அம்மாவுக்கு அவரிடம் பயம் போயிற்று. டவல் மட்டும் போகவில்லை. இன்னொரு பக்கத்திலும் சுவருக்கு அப்பால் ஒரு வீடு இருந்ததே.

1998இல் ஃபேலா முதல்முறையாக அக்கா வீட்டுக்கு வந்தார். அன்று மாலை ஆன்ட்டி எங்கள் வாசலில் நின்றார். குரல் தணிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில உங்கம்மாவை மாவு அரைக்கச் சொல்றியா? ஃபேலாகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்கு வாய் வரும். கொஞ்சம் அதிக நேரம் ஓடட்டும். அடியில டவல் வேண்டாம்னு சொல்லு."