மாமாவின் மூக்கு

எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு எதிராக ஒரு போர் நடந்தது. ஆறு மாதம் நீடித்த அந்தப் போரில் ஒரு மூட்டைப்பூச்சிகூடப் பிடிபடவில்லை. அம்மா அதற்காகவெல்லாம் மனம் தளரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தைகள் மொட்டைமாடி வெயிலில் காய்ந்தன, கட்டில் சந்துகளில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது, தி.நகரில் எங்கள் தெருவுக்கே அந்த வாசனை அடித்தது. காரணம், அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தலைவைத்துப் படுக்கும் தலையணை உறையில் காலைதோறும் ஒரு சொட்டு ரத்தம் இருந்ததுதான்.

அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும்.

மாமா வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் மேக்கப்மேன். பத்து வருடம் அடுத்தவர்களின் பெட்டியைத் தூக்கித் திரிந்த பிறகு, அப்போதுதான் ஒரு கதாநாயகனுக்குச் சொந்த மேக்கப்மேன் ஆகியிருந்தார். நாயகனின் முகத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. காலையில் மாமாவை அழைத்துப் போக எங்கள் தெருமுனைக்குக் கார் வரும். நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரே அதற்குப் பிறகு அப்பாவை "சார்" போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்.

மாமாவின் மூக்கின் இடப்பக்கம், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவில் ஒரு கறுப்புப் பரு இருந்தது. பளபளப்பாக இருக்கும். நடுவில் சின்னதாகப் புண். துடைத்தால் ரத்தம் வரும், காயும், மறுபடி வரும். அது வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முகத்தில் புண்ணோடு வருகிறவனிடம் எந்த நாயகன் தன் முகத்தைக் கொடுப்பான்? அதனால் மாமா தினமும் விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் தொழிலைத் தன் மூக்கிலேயே காட்டுவார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் துடைப்பார், அதனால் வீட்டில் மற்றவர்கள் அதைப் பார்த்ததில்லை. முதலில் மெழுகு மாதிரி ஒன்றைத் தேய்த்துப் பள்ளத்தை நிரவுவார். மேலே தன் நிறத்துக்குக் குழைத்த பேன்கேக் பூச்சை ஸ்பாஞ்சால் ஒற்றி, பவுடர் போட்டு முடித்துவிட்டு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"இன்னா பாப்பா, தெரியுதா?"

"தெரியல மாமா."

இதுதான் என் வேலை. ஒன்பது வயதில் இத்தனை பெரிய பொறுப்பு வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை. சில நாள் லேசாகத் தெரியத்தான் செய்யும். தெருமுனையில் கார் ஹாரன் அடிக்கும், மாமா முகத்தில் அவசரம் இருக்கும், நானும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். ஷூட்டிங் பார்க்கக் கூட்டிப் போவதாக அவர் சொல்லியிருந்ததும் ஒரு காரணம். சும்மா சொல்வானேன், அதுதான் முக்கியக் காரணம்.

கடைசியில் அம்மா மெத்தையையே தூக்கிப் போடுவது என்று முடிவெடுத்தாள். அது நானும் மாமாவின் பக்கத்தில் படுத்துப் புரள்கிற இலவம்பஞ்சு மெத்தை. கோரைப்பாயில் படுக்க எனக்குப் பிடிக்காது. குப்பை வண்டிக்காரன் வாசலில் நிற்கும்போது நான் உடைத்துவிட்டேன்.

"மூட்டைப்பூச்சி இல்லம்மா. மாமா மூக்கு."

அன்று மாமா வேலை முடிந்து வந்ததும் அம்மா அவரை உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட முந்தானையால் மூக்கைத் துடைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்ல தோல் டாக்டர் யார் என்று அப்பாவை விசாரிக்கச் சொன்னாள். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த தோல் டாக்டர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். டாக்டர் மாமாவின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். விளக்கைப் போட்டார், லென்ஸை வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எங்கம்மா? ஒண்ணுமே காணோமே."

மாமா மேக்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்று போட்டேன் என்றார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வேலை அத்தனை சுத்தமாக அமைந்திருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியவில்லை, கழுவிக்கொண்டு வரச் சொன்னார். அது தண்ணீருக்குப் போகாது, தேங்காயெண்ணெய் வேண்டும். ஆஸ்பத்திரியில் தேங்காயெண்ணெய்க்கு எங்கே போவது? அம்மா என்னை இழுத்துத் திருப்பி நிறுத்தினாள். காலையில் அவள் என் தலையில் வழிய வழிய வைத்திருந்த எண்ணெயை, ரெட்டைப் பின்னலிலிருந்து கைக்குட்டையில் பிழிந்து தம்பியின் மூக்கைத் துடைத்தாள். நர்ஸம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

புண்ணைப் பார்த்ததும் டாக்டர் சிரிக்கவில்லை. இது தோலில் வரும் கேன்சர் என்றார். உடம்பெல்லாம் பரவுவது அபூர்வம், ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும், கண் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூக்கு மிஞ்சுமா டாக்டர்?"

அதற்குத்தான் ஒரு வழி இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஒரேயடியாக வெட்டி எறியாமல், மெல்லிசாக ஒரு வட்டம் எடுப்பார்களாம். எந்த ஓரம் எந்தப் பக்கம் என்று தெரிய அதற்குச் சாயம் தடவி, உறையவைத்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். எந்த ஓரத்தில் மிச்சம் இருக்கிறதோ அந்த ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பார்களாம். சுத்தம் என்று தெரிகிற வரைக்கும் இப்படியே.

அடுத்த வாரம் அது நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, முதல் முறை எடுத்துவிட்டு, மூக்கில் பஞ்சுக் கட்டோடு மாமாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே நாங்கள் காத்திருக்கிறோம். மாமா என்னிடம், டாக்டர் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் சிவப்பும் தடவியதாகவும், பிரஷ் பிடிப்பது சரியில்லை என்றும் சொன்னார். மாமாவின் கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து நர்ஸம்மா வந்தார். "கண்ணு பக்கம் இன்னும் தெரியுதாம். வாங்க."

இரண்டாவது முறையும் அதே சேதி. அம்மா தூணோரம் போய் நின்றுகொண்டாள். என்னுடைய "தெரியல"க்கு இந்த ஆஸ்பத்திரியில் மதிப்பில்லை என்பது எனக்கு உறைத்தது. நான் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, எத்தனை நாள் சொன்னேன் என்று விரல் விட்டு எண்ணினேன். விரல் போதவில்லை. அழுதேன். பசிக்கிறது போல என்று அம்மா பன் வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாவது முறை டாக்டரே வெளியே வந்தார். "இப்ப எந்தப் பக்கமும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். அம்மா அந்த மனிதரை நடு வராந்தாவில் கையெடுத்துக் கும்பிட்டாள். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்துப் பள்ளத்தை மூடினார்கள்.

கட்டுப் பிரித்துப் புண் ஆறிய பிறகு ஒரு நாள் விடிந்ததும் மாமா பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண் தப்பியிருந்தது, மூக்கும் மிஞ்சியிருந்தது. மூக்கோரம் மட்டும் எட்டணா நாணயம் அளவுக்கு ஒரு பள்ளம், வெளுத்த தோலோடு. முந்தின நாள் பூசிப் பார்த்தும் அந்தத் தோலுக்கு ஷேடு, அதாவது நிறம், ஒத்துவரவில்லை என்றார். அன்று பெட்டியைத் திறக்காமலே முகத்தைத் திருப்பினார்.

"தெரியுதா பாப்பா?"

அவருக்குப் பின்னாலிருந்து அம்மா தலையை வேகமாக ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னாள். நான் ஆஸ்பத்திரி பெஞ்சை நினைத்துக்கொண்டேன்.

"தெரியுது மாமா. நல்லாத் தெரியுது."

அம்மா என் தொடையைத் திருகினாள். மாமா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ சரி" என்று வெறும் முகத்தோடு கிளம்பிப் போனார்.

அன்று தெருமுனைக்குக் கார் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரிப்பேர் என்றார். அதற்கப்புறம் அவர் பஸ்ஸில்தான் போனார். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு மேக்கப் போடும் வேலை வந்திருப்பதாகவும், ஒரே நாளில் நாற்பது முகம் என்றும் சொன்னார். ஒரு முகத்திலிருந்து நாற்பது முகம்! எங்கள் மாமாவுக்குப் பிரமோஷன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். அவரிடமும் சொன்னேன். சிரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் பெட்டியில் ஸ்பாஞ்சுகளுக்கு அடியில் ஒரு காகிதம் பார்த்தேன். ஆஸ்பத்திரி முத்திரையோடு இங்கிலீஷில் எழுதியிருந்தது. டாக்டர் கையெழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. இந்த நோய் ஒட்டுவாரொட்டி இல்லை, இவர் யாரையும் தொடலாம் என்று அதில் எழுதியிருந்தது நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்று பார்த்தபோது அதன் மடிப்புகள் கிழிந்துபோய், ஒட்டுமீசைக்குத் தடவும் கோந்தால் ஒட்டவைக்கப்பட்டிருந்தன.

"இன்னா மாமா இது?"

"டாக்டரு எனக்குக் குடுத்த சர்ட்டிபிகேட்டு பாப்பா."

அப்பாவின் சர்டிபிகேட் போல இதையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமே என்றேன்.

"மாட்டிட்டா, கைல எட்த்துகினு போவ முடியாதே" என்றார்.

ஒரு சர்டிபிகேட்டை மனிதர் எதற்காக மடிப்புக் கிழியும்வரை கையில் எடுத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டர் என்ன எழுதினார் என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கிற அளவுக்கு மாமாவுக்கு ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டேன்.