தண்டவாளத்துக்குப் பூசிய ஜெப எண்ணெய்

அந்த எண்ணெய்க் குப்பி இன்னும் ரெக்கார்ட் ப்ளேயருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டைவிரல் உயரம், உள்ளே பாதி ஆலிவ் எண்ணெய், மூடியைச் சுற்றி அத்தையின் விரல் பட்டுப் பட்டு ஏறிய பிசுக்கு. ஜெபக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்தது. செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டில் அதற்குத் தப்பிய பொருள் கிடையாது. புது ஸ்கூட்டரின் ஹேண்டில், குளிராமல் போன ஃபிரிட்ஜின் கதவு, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் நெற்றி, எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு. அதிகம் வாங்கியது என் நெற்றிதான். அப்படியும் நான் ப்ளஸ் டூவுக்குச் சமமான இன்டர் தேறவில்லை. "எண்ணெய் நல்ல எண்ணெய்தாம்லே, மண்டைதான் சரியில்ல" என்பார் அத்தை.

ப்ளேயர் மாமாவுடையது. மற்ற ப்ளேயர்களில் முள் இருக்கும் கை ஒரு மூலையில் நின்று சாய்வாக வரும். பயமாக இருந்தால் விரலால் தூக்கிவிடலாம். இதில் அந்த வசதி இல்லை. கை மூடிக்கு அடியில், இரண்டு எஃகுக் கம்பிகளில் தொங்கும். மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டி மோட்டார் அதை ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போகும். நாம் செய்யக்கூடியது, மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். ரயில்வேயில் வேலை பார்த்த மாமா அந்தக் கம்பிகளைத் தண்டவாளம் என்றுதான் சொல்வாராம்.

சபைப் பாடகர் குழு எப்போதோ சொந்தச் செலவில் போட்ட ஒரே ஒரு ரெக்கார்டில் மாமா தனியாக ஒரு கீர்த்தனை பாடியிருந்தார். மற்றவர்களிடம் இருந்த பிரதிகள் எல்லாம் தொலைந்து, எங்களுடையது மட்டும் மிஞ்சியது. மாமா போன பிறகு அத்தையிடம் இருந்த அவருடைய குரல் அவ்வளவுதான். ஒவ்வொரு முறை போடும்போதும் முள் அதில் கொஞ்சம் தேய்த்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, நினைவு நாளன்று கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்த பிறகு மட்டுமே போடுவார். போனில் பதிந்து வைக்கலாமே என்றால் விடமாட்டார். "நக்கோ, வேண்டாம்! போன்ல வச்சா நீ கக்கூஸ்ல உக்காந்து கேப்ப. ஒன்னத் தெரியாதா எனக்கு?"

ஒரு நினைவு நாளில் அது நடந்தது. மாமா இரண்டாவது சரணத்தில் ஒரு வார்த்தையைப் பாடினார். திரும்பவும் அதையே பாடினார். திரும்பவும். "அத்தை, மாமா என்னமோ கேக்காரு, பதில் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். கை பாதி வழியில் அசையாமல் நின்றிருந்தது. ரெக்கார்டைத் தூக்கிப் பிடித்து போன் வெளிச்சத்தில் பார்த்தோம். முள் நின்ற இடத்தில் தலைமுடி போல ஒரு கீறல்.

செகந்திராபாத்தில் ஒரு கடையில் நான் போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். இந்த மாதிரி ப்ளேயரைத் திறந்ததே இல்லை. "வேண்டாம்லே. போன தடவ மிக்ஸியத் தொறந்த, இன்னிக்கி வரைக்கும் கையாலதான் அரைக்கேன்" என்றார் அத்தை. ஆனால் அதை வெளியே யாரிடமாவது கொடுத்தனுப்ப அவருக்கு அதைவிடப் பயம். கடைசியில் என்னிடமே விட்டார், பக்கத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து, மூச்சுக்கு ஒரு தரம் "முள்ளத் தொட்டியா? தொட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூடியின் உறையைக் கழற்றினேன். மோட்டார் நன்றாகச் சுற்றியது, பெல்ட்டும் இறுக்கமாக இருந்தது. ஆனால் கம்பிகள் முழுக்க வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக எதுவோ உறைந்து கிடந்தது. விரலில் ஒட்டியது. முகர்ந்தேன்.

"அத்தை, இதுக்குமா?"

"ஹவ், ஆமாலே. வருஷா வருஷம் போடுறதுக்கு முன்னால ரெண்டு கம்பிக்கும் நாந்தான் வைப்பேன். நடுவழியில நின்னுரப்படாதேன்னு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்குப் போதுமான கிண்டல் எனக்கு அந்த நிமிஷத்தில் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, கடையில் போன் போர்டு துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கம்பிகளைத் துடைத்தேன், பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை. எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் தட்டில் ஒரு திருகாணி மிச்சமிருந்தது. "லாபம் அத்தை" என்றேன். "கழட்டுலே மறுபடி" என்றார்.

வேண்டாத ரெக்கார்டு ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். கை நிற்காமல் கடைசி வரை போய்த் திரும்பியது. பிறகு மாமாவுடையது. கீறலைப் பார்த்ததிலிருந்து அத்தை போனில் பதியச் சம்மதித்திருந்தார். பழக்கத்தில் குப்பியைத் திறந்துகொண்டு கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஒரு கணம் தயங்கி, சொட்டை என் நெற்றியில் வைத்தார். "ஒருத்தரும் மூச்சு விடப்படாது" என்றார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பாட்டு ஓடிய நேரம் முழுக்க நான் கண்ணாடியை விட்டுக் கண் எடுக்கவில்லை. கை நகர்வது கண்ணுக்குத் தெரியாது; நின்றுவிட்டதோ என்றுதான் ஒவ்வொரு நொடியும் தோன்றும். கீறல் வந்தது. 'டுக்' என்றது. முள் தாண்டிப் போய்விட்டது. மாமா அடுத்த வார்த்தையைப் பாடினார்.

போனில் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. மாமாவின் குரலுக்கு அடியில், முதலிலிருந்து கடைசி வரை, அத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். "முள்ளப் பிடிச்சுக்கிடும் ஆண்டவரே, விட்டுராதேயும், விட்டுராதேயும்." எனக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "மாமா தனியாப் பாடினாரு அத்தை, நீங்க டூயட் ஆக்கிட்டீங்க." அவர் வெட்கத்தில் என் முதுகில் ஒன்று போட்டார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று ரெக்கார்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நக்கோ, தேஞ்சிரும். அடுத்த வருஷம் சுத்தமா எடுத்துக்கிடலாம்."

அடுத்த நினைவு நாளுக்கு முன்பே அத்தையும் போய்விட்டார். இப்போது நான் ஒரே இடத்தில் இரண்டு பேருக்கும் பூ வைத்துவிட்டு வருகிறேன்.

இந்த வருஷமும் கம்பிகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். குப்பியைத் திறந்து, சிரிப்பு வந்தாலும், என் நெற்றியில் நானே ஒரு சொட்டு வைத்துக்கொண்டேன். அத்தை கேட்டபடி சுத்தமாகப் பதிந்துவிட வேண்டும் என்று போனை அருகில் வைத்து மூடியைச் சாத்தினேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தேன். கை கிளம்பியது. குனிந்து கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். 'டுக்' வந்தது, போனது, பாட்டு முடிந்தது.

பிறகு போனை எடுத்துக் கேட்டேன். மாமாவின் குரல் நன்றாக விழுந்திருந்தது. அடியில் ஒரு முணுமுணுப்பு. பழைய பதிவைத்தான் தவறிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துத் தேதியைப் பார்த்தேன். இன்றைய தேதி. முள்ளப் பிடிச்சுக்கிடும், விட்டுராதேயும். குரல் என்னுடையது.

அடுத்த வருஷம் சுத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று குப்பியை மூடி, அதே இடத்தில் வைத்தேன்.