பேருந்து நிறுத்தத்தில் கைமாறிய பிள்ளை

சென்ற ஆண்டு ஆவணி மாதம், வளர்பிறைப் பிரதோஷத்துக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை. அன்று பிற்பகல் என் ஐந்து வயது மகள் கயலைத் தொலைத்தேன். ஈசன் அவளைத் திருப்பித் தந்தான். நம் ஞாயிறு வழிபாட்டுக்கு வரும் அன்பர்களுக்கு இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்துவிட்டது.

நானும் மனைவி மகேஸ்வரியும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான ஆண்டே ஓசூருக்கு வந்துவிட்டோம். நான் வாகன உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவள் மின்னணுப் பொருள்கள் செய்யும் கம்பெனியில். இருவருக்கும் வாரம் மாறும் ஷிப்ட். பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால், ஒருவருக்குக் காலை ஏ ஷிப்ட் என்றால் மற்றவருக்குப் பிற்பகல் பி ஷிப்ட் வருமாறு கேட்டு வாங்கிக்கொண்டோம். மதியம் பள்ளி வேன் கயலைக் கொண்டுவந்து விடும். வீட்டில் இருப்பவர் சோறு ஊட்டி, பாகலூர் ரோட்டு நிறுத்தத்துக்குக் கூட்டிவருவார். ஏ ஷிப்ட் முடிந்தவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் தன் பஸ்ஸில் ஏறிப் போவார். எங்கள் குடும்பப் பேச்செல்லாம் அந்த இடைவெளியில்தான்.

"ரசம் இருக்கு, சுட வச்சுக்கோ."

"கேஸுக்குச் சொல்லியாச்சா?"

"பாப்பாவுக்கு லேசாச் சளி. ஐஸ் கேட்டா வாங்கிக் குடுத்துராதீங்க."

நம்மில் பலர் வீட்டில் இப்படித்தான். நான் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். போதாதென்று, ஆள் வராத ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் டபுளுக்குக் கூப்பிட்டால் மறுக்கவே மாட்டேன். லைன் லீடர் ஆக வேண்டும் என்ற ஆசை. வார விடுமுறையிலும் கூப்பிட்டால் போனேன். ஓசூர் மலைமேல் ஈசன் கோயில் கண்ணுக்கெதிரே இருந்தும் ஏறவில்லை. விரும்பி வாங்கிய புத்தகங்கள் பிரிக்காமல் கிடந்தன. மகேஸ்வரி தபாலில் படித்த பி.காம். பாதியில் நின்றது. எனக்கு எதையும் காலக்கணக்கோடு நினைவில் வைக்கும் பழக்கம் உண்டு. தென்பெண்ணையில் எந்த ஆண்டு நுரை பொங்கியது, எந்த மேம்பாலம் எப்போது திறந்தது என்று கேட்டால் சொல்வேன். கயல் முதன்முதலில் நடந்தது எந்த நாள் என்று மட்டும் தெரியாது. அன்று நான் டபுள்.

அந்த வியாழனன்று மகேஸ்வரிக்கு ஏ ஷிப்ட், எனக்கு பி. அவள் விடியும் முன்பே போய்விட்டாள். கயலைப் பள்ளி வேனில் ஏற்றிய சற்று நேரத்தில் சூப்பர்வைசர் போன் செய்தார். காலை ஆள் வரவில்லை, உடனே வந்தால் அப்படியே பி ஷிப்ட்டும் பார்க்கலாம் என்றார். மகேஸ்வரியிடம் சொன்னால் திட்டுவாள். சொல்லவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம், வேன் வந்ததும் பிள்ளையை வாங்கிச் சோறு போட்டு, நிறுத்தத்தில் மகேஸ்வரியிடம் விடச் சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் இரண்டு கம்பெனியிலும் செல்போனை வாசலிலேயே பூட்டி வைக்க வேண்டும். மாலை டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். மகேஸ்வரியின் செய்தி. "இன்னைக்கு எனக்கும் டபுள். கேட்டாங்க, மறுக்க முடியல. நீங்க லீவு சொல்லிட்டுப் பாப்பாவைப் பாத்துக்கோங்க." ஏ ஷிப்ட் முடிந்ததும் அனுப்பியிருக்கிறாள். நான் வீட்டில் இருப்பதாக நினைத்து, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

லட்சுமம்மாவைக் கூப்பிட்டேன்.

"பஸ்ஸு வந்துச்சு, பாப்பா 'அம்மா பஸ்ஸு'ன்னு ஓடிப்போச்சு. உங்க வீட்டம்மா இறங்கியிருப்பாங்கன்னு திரும்பிட்டேன். அடுப்புல பால் வச்சிருந்தேன் சாமி. ஏன், வீட்டுக்கு வரலையா?"

மகேஸ்வரியின் போன் அணைந்திருந்தது.

ஆட்டோ பிடித்து நிறுத்தத்துக்கு வந்தேன். கயல் இல்லை. கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு லாரியும் என் மேல் ஏறிப் போவது போல் இருந்தது. எதிரே மலைக்கோயில் கோபுரம். நடுரோட்டோரம் கைகூப்பி நின்றேன். வேலைக்காக, பதவிக்காக எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அன்று ஒன்றுதான் கேட்டேன். "அப்பனே, பிள்ளையைக் காட்டு. நீ காட்டாவிட்டால் அவள் அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?"

கண்களைத் துடைத்தபோது மகேஸ்வரியின் கம்பெனி பஸ் காலியாக வந்து நின்றது. அது வரும் நேரமே இல்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏங்க, சின்னப் பாப்பாவையா தேடுறீங்க? ரெட்டைச் சடை, ஸ்கூல் யூனிபார்ம்?"

தலையை ஆட்டினேன்.

"நல்லாக் கீது, பயப்படாதீங்க. கம்பெனி கேட்டுல உக்காந்திருக்குது. ஏறுங்க."

அம்மா இறங்காததைக் கண்டு, உள்ளே இருப்பாள் என்று கயல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பி ஷிப்ட்டுக்குப் போன பெண்கள், யாரோ ஒருத்தியின் பிள்ளை என்று இருந்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கிய பிறகுதான் டிரைவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தமாக விசாரித்து வரச் சொல்லிக் கம்பெனியில் அவரை அனுப்பியிருக்கிறார்கள். "கடைசி ஸ்டாப்புலருந்து கேட்டுட்டு வரலாம்னுதான் கெளம்புனேன். ரிங் ரோட்டுல ஜாம். அதான் இப்படித் திரும்பிட்டேன்" என்றார். தற்செயல் என்று யாராவது சொல்லலாம். நான் கைகூப்பி நின்ற இடத்துக்கு அந்த பஸ் வந்தது. எனக்கு அது போதும்.

கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி கன்னடக்காரர். என்னைப் பார்த்ததும் தானே சொல்ல ஆரம்பித்தார். "பாப்பாவ கேட்டேன் சார். 'எங்கம்மா மகேஸ்வரி, ஏ ஷிப்ட்'டுன்னு கரெக்டா சொல்லுச்சு. ஏ ஷிப்ட் எல்லாம் வீட்டுக்குப் போயாச்சே. அதான் நான் உள்ள கேக்கல."

மகேஸ்வரி அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வேலை செய்துகொண்டிருந்தாள்.

கயல் ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர்த் தடமே இல்லை. "கொஞ்சம்கூட அழல சார், நல்ல பாப்பா" என்றார் செக்யூரிட்டி. நான் அள்ளிக்கொண்டேன். அவள் என் சட்டையை இழுத்து, "அப்பா, என்னை அம்மாகிட்ட சீக்கிரம் குடுத்துட்டுப் போங்க. உங்க பஸ் போயிரும்" என்றாள்.

அன்பர்களே, அந்தச் சொல்லைத்தான் இத்தனை மாதமாகச் சுமக்கிறேன். என் பிள்ளை அழாமல் இருந்தது தைரியத்தால் அல்ல. காத்திருப்பதும் கைமாறுவதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தன. பழக்கியவன் நான்.

மகேஸ்வரியை வெளியே அழைத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். "நீங்க இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நானும் அவள் இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் இருவரும் விடுப்பு எடுத்தோம். மூவருமாகப் பிரதோஷத்துக்கு மலை ஏறினோம்.

அதன்பின் டபுளுக்கு நான் போகவில்லை. லைன் லீடர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. மனம் வலிக்கவில்லை என்றால் பொய். பொங்கல் கழிந்து மகேஸ்வரிக்குப் பகல் நேர ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. விட்ட பாடங்களை மறுபடி எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. கோயில், பிறகு மதியத் தூக்கம், எழுந்தால் புத்தகம். சில பக்கங்களுக்குள் கயல் வந்து மூடிவிடுவாள்.

ஈசன் பிள்ளையைத் தந்தான். அவள் இரண்டு வயதும் மூன்று வயதுமாக இருந்த நாட்களைத் தரவில்லை. அவற்றைக் கேட்கும் துணிவும் எனக்கு இல்லை. போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது கயல் என் காலைக் கட்டிக்கொண்டு, போகக் கூடாது என்று தெருவே கேட்க அழுதாள். லட்சுமம்மா எட்டிப் பார்த்து, "ஏன் இப்படி அடம் புடிக்குது?" என்று கேட்டார். நான் உள்ளே போய் சாமி படத்தின் முன் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அடுத்த முறை டபுளுக்குக் கூப்பிடும்போது, சரி என்று சொல்வதற்கு முன் ஈசனை ஒரு கணம் நினையுங்கள். ஓய்வு கேட்பதற்குக் கூசாதீர்கள். அதையும் அவனிடம் கேட்கலாம். நான் பிள்ளையைத் தொலைத்த பிறகுதான் கேட்டேன். நீங்கள் அதற்கு முன்பே கேளுங்கள்.