நெற்றிச் சுழி

மலாக்காவில், செங் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. பெல்ட்டில் வரும் பிளாஸ்டிக் மூடிகளை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பேன். கீறலோ குமிழியோ கண்ணுக்குத் தப்பக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை என்று கணவர் சொல்வார்.

அதனால்தான், மகளைக் குதிரை மேல் உட்கார வைக்கலாம் என்று, அவள் கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களும் இறுகிப்போனவை. எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். குதிரை நடக்கும் அசைவில் இடுப்பு தளரும் என்றார் அந்தப் பெண். லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒருவர் லாயம் வைத்திருந்தார். ஞாயிறு காலையில் அங்கே போனோம்.

அது செவலைக் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது என்று கேட்டதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பராமரித்தவருக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். கோலாலம்பூர் பக்கம் பந்தயக் குதிரைகளோடே காலம் கழித்தவர்.

"ரேஸ்ல ஓடுன குதிரை எப்படி அங்கிள் இவ்வளவு அமைதியா நிக்குது? மருந்து ஏதும் போடுறீங்களா?"

"மருந்தெல்லாம் இல்லம்மா. வயசாச்சு லா. ஓடுனது போதும்னு அதுக்கே தெரியுது."

அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. போகும்போதெல்லாம் குதிரையின் கண், வாய், கால் என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். நான்காவது மாதம் மகள் சாப்பாட்டு மேசையில் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தாள். அப்போதுகூட, வெயில் காலம் என்பதால் உடம்பு தளர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு தொடர் மழை. மூன்று வாரம் லாயம் மூடியிருந்தது. திரும்பப் போன அன்று, குதிரை தலையைத் திருப்பியதுமே எனக்கு ஏதோ உறுத்தியது. அதே செவலை நிறம்தான், அதே சேணம்தான். ஆனால் நெற்றியில் முடி சுழிக்கும் இடம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"அண்ணே, இது பழைய குதிரைதானா?" என்று லாயத்துக்காரரிடம் கேட்டேன்.

"அதேதான் தங்கச்சி. மழைக்கு முடி வெட்டி விட்டோம், அதான் வித்தியாசமா தெரியுது."

பராமரிப்பவர் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. என் சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மகள் ஏற்கெனவே சேணத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணி நேரமும் குதிரையின் பக்கத்திலேயே நடந்தேன்.

வீட்டில் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய படங்களில் ஒரே சுழி, கண்களுக்கு மேலே. அன்று எடுத்ததில் இரண்டு, கீழே தள்ளி. அடுத்த ஞாயிறு மகளைக் காரிலேயே கணவரோடு விட்டுவிட்டு, கைப்பேசியை நேராகப் பராமரிப்பவரிடம் நீட்டினேன்.

படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "சுழி மாறாதும்மா," என்றார் கடைசியில். "அது செத்துப்போச்சு. மழையில ஒரு நாள் வயித்துவலி. டாக்டர் வந்தும் காப்பாத்த முடியல. இங்க வர்ற பிள்ளைங்க அழும், பெத்தவங்க கூட்டிட்டு வர்றத நிறுத்திடுவாங்கன்னு மொதலாளி சொல்ல வேணாம்னாரு. நான் அவரு பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது."

"தெரியாத குதிரை மேல எம்பொண்ண ஏத்திட்டீங்களே அங்கிள்."

"பத்து நாள் நானே ஏறிப் பாத்தேன். அதுக்கப்புறம்தான் உன் பொண்ண ஏத்துனேன்."

அவரிடம் அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை.

காருக்குப் போய், "அந்தக் குதிரை..." என்று தொடங்கி, மகளிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "தெரியும்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"இது வேற குதிரைன்னு. பழசுக்கு வயிறு அகலம், காலு வலிக்கும். இதுல வலிக்கல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கூட்டிட்டு வர மாட்ட."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் சந்தேகத்துக்குப் பயந்து என் பிள்ளையே என்னிடம் மறைத்திருக்கிறாள்.

லாயத்துக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: எல்லாப் பெற்றோரிடமும் அவரே சொல்ல வேண்டும். முகம் சிவந்தாலும், அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு குடும்பம் மட்டும் அப்படியே திரும்பிப் போனது. நாங்களும் போய்விடலாம் என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் பழைய குதிரையைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பராமரிப்பவர் அவளைத் தூக்கிக்கொண்டு செம்பனை வரிசைக்குள் நடந்தார்; நானும் பின்னால் போனேன். அங்கே புது மண்ணில் புல் முளைத்திருந்தது. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், புதுக் குதிரையில ஏறலாமா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.