அத்தான் புத்தகத்துக்கு விழுந்த ஓட்டு

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு அத்தான், வேலை செய்யும் இடங்களில் லிஃப்ட்காரர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவருக்கு மொட்டை மாடி வரை அத்துப்படி. உச்சியில் மோட்டார் இருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டால், அவர் மேலே இருக்கிறாரா, இறங்கிப் போய்விட்டாரா என்பதையே கீழே இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள். எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, கம்பி வடத்தில் எங்காவது பிரி விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகும் உடனே கிளம்ப முடியாது. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் அவர் ஒரு புத்தகம் எழுதினார்.

மகளுக்காக ஆரம்பித்தது அது. ஒரே மகள், வீட்டில் பாப்பா என்போம். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது, “எந்த லிஃப்ட்டும் நிக்காத ஒரு மாடி இருக்குமாப்பா?” என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்லிவிட்டார். அங்கே என்ன இருக்கும் என்றாள். அத்தான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த யோசனை வளர்ந்துகொண்டே போனது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு மாடி. அந்தக் கட்டடத்துக்காரர்கள் தொலைத்த சாவிகள், ஒற்றைச் செருப்புகள், பாதியில் விட்ட சண்டைகள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ஒரு சிறுமிக்கு மட்டும் அங்கே கதவு திறக்கிறது. புத்தகத்துக்கு ‘நிற்காத மாடி’ என்று பெயர் வைத்தார்.

அத்தானுக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒரு அத்தியாயத்தை எழுதுவார், அடிப்பார், மறுபடி முதலிலிருந்து எழுதுவார். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். கொஞ்ச நாளில் அவளுக்கு வீட்டுப்பாடம் வந்தது, பிறகு சிநேகிதிகள் வந்தார்கள், பிறகு காதில் எப்போதும் ஒரு இயர்போன் வந்தது. இவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவழியாக ஒரு சிறிய பதிப்பாளர் அதை அச்சடித்துக் கொடுத்தபோது பாப்பாவுக்குப் பதினாறு முடிந்திருந்தது. ‘என்னைப் பாப்பான்னு வெளியில கூப்பிடாதீங்க’ என்று உத்தரவு போட்டிருந்தாள்.

புத்தகம் வந்து சில மாதங்கள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு மத்திய நூலகத்திலிருந்து அத்தானுக்குப் போன் வந்தது. பேசியவர் அங்கே இளையோர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நூலகர், சின்ன வயதுப் பெண். வருஷா வருஷம் பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு போட்டி நடக்கும். ஐந்து புத்தகங்களைப் பொறுக்கி வைப்பார்கள். அட்டை ஓவியம், விமர்சனம், வினாடி வினா என்று அவற்றை வைத்துப் போட்டிகள். கடைசியில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐந்தில் ‘நிற்காத மாடி’யும் ஒன்று.

அன்றைக்கு அத்தானுக்கு வாயெல்லாம் பல். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். “கண்ணாடி போட்டுக்கிட்டு முதல்ல எங்க வீட்டுக்காரர் புக்கைப் படிங்கன்னு சொல்லித்தான் அனுப்புறேன்” என்றாள். பாப்பாவும் சிரித்தாள். “எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் அந்த லைப்ரரி கார்டு இருக்குப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தையை அத்தான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

தொடக்க நாளன்று நானும் கூடப் போனேன். எனக்குக் கூரியர் வேலை, சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அத்தான் புதுச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கையை மடக்கியே வைத்துக்கொண்டிருந்தார்.

இளையோர் பிரிவு மூன்றாவது மாடியில் நீளமான ஒரு கூடம். ஜன்னலோரமாக மேஜை போட்டு ஐந்து கண்ணாடி ஜாடிகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜாடிக்குப் பின்னாலும் அதற்குரிய புத்தகம். நூலக அட்டையைக் காட்டினால் ஆளுக்கு ஒரு பாசிமணி தருவார்கள். பிடித்த புத்தகத்தின் ஜாடியில் அதைப் போட வேண்டும். ஓட்டுச் சீட்டு என்றால் பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கிறது, இது என்றால் பார்க்க அழகாக இருக்கும் என்று நூலகர் விளக்கினார். அழகாகத்தான் இருந்தது. எவன் ஜாடியில் எவ்வளவு என்று வாசலில் நுழையும்போதே தெரிந்துவிடும் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார்.

எழுத்தாளர்களில் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர் விடுதி மாணவிகளைப் பற்றிக் காதல் கதை எழுதிய பெண்மணி. அவரைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. அத்தான் முன்னாலும் கொஞ்சம் பேர் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்கலாம் என்று நூலகர் சொன்னதும் ஒரு பையன் எழுந்தான்.

“அங்கிள், லிஃப்ட் கேபிள் அறுந்தா உள்ள இருக்கவங்க செத்துருவாங்களா?”

“அதெல்லாம் சினிமாலதான் தம்பி. ஒரு கம்பியா இருக்கு, அறுந்து விழ? நாலஞ்சு போட்டிருப்போம். அதுக்கும் மேல பிரேக் இருக்கு.”

“கரெக்டா கீழ விழற நேரம் பார்த்துக் குதிச்சா தப்பிக்கலாமா?” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்து, கையை மடக்கி வைத்திருந்ததை மறந்து, விரலால் காற்றில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். நன்றாகப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே வரும்போது, “பார்த்தியாடா, எவ்வளவு ஆர்வம்!” என்றார். புத்தகத்தைப் பற்றி ஒருவன்கூட வாய் திறக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும். 

அதன் பிறகு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியை அவர் மாற்றிக்கொண்டார். நூலகத்தைச் சுற்றிக்கொண்டு வருவார். உள்ளே போய்ப் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து, ஓரக்கண்ணால் ஜாடிகளைப் பார்ப்பார். காதல் கதையின் ஜாடி கழுத்து வரை வந்துவிட்டது. அந்த ஐந்தில் இருந்த ஒரு துப்பறியும் கதையும் சளைக்கவில்லை. அத்தானின் ஜாடியில் அடிப்பாகம்கூட மறையவில்லை. குனிந்து பார்த்தால் மணிகளை எண்ணிவிடலாம், அவர் எண்ணியிருப்பார்.

அட்டை ஓவியப் போட்டியில் ‘நிற்காத மாடி’க்கு ஒரே ஒரு படம் வந்தது. லிஃப்ட்டின் கதவு திறந்திருக்க, உள்ளே தலைவிரிகோலமாக ஒரு பேய். வரைந்த பெண் நன்றாகவே வரைந்திருந்தாள்; இரண்டாம் பரிசே வாங்கிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் பேய்க்கதை என்று நினைத்துப் புத்தகத்தை எடுத்துப் போனார்களாம். மறுநாளே திருப்பிக் கொடுத்தார்களாம். “பேயே வரலைன்னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க சார்” என்று நூலகர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அத்தான், “அடுத்த தடவை ஒரு பேயைச் சேர்த்துடலாம்மா” என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நான்தான் ஒருநாள் கேட்டேன். “அத்தான், நான் பார்சல் போடுற வீடுங்கள்ல எவ்வளவு பசங்க இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா உங்க ஜாடியில ஓட்டைப் போட்டுட்டுப் போறாங்க. சொல்லவா?”

“வேணாம்டா.”

“எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க.”

“பண்ணட்டும். படிச்சவங்க போட்டா போதும்.”

படித்தவர்கள் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். அதையும் அவர் சீக்கிரமே தெரிந்துகொண்டார். ஒரு மாலை அலமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் ‘நிற்காத மாடி’யை எடுத்து நடுவில் பிரித்து நாலு வரி படித்தான். “டேய், இது சின்னப் பசங்க புக்குடா” என்று செருகிவிட்டுப் போனான். கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகவும் சொல்லவில்லை. பஸ் நம்பரைப் பார்த்து ‘இது நம்ம பஸ் இல்ல’ என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அத்தான் நேரே நூலகரிடம் போனார். “அம்மா, மறைக்காம சொல்லுங்க. என் புத்தகத்தை ஏன் இதுல சேர்த்தீங்க?”

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாராம். “இந்த ஊர்க்காரர் எழுதுன புக்கு ஒண்ணாவது இருக்கணும்னு மேல ஒரு விதி சார். இந்த வருஷம் உங்களோடது மட்டும்தான் வந்துச்சு. எனக்குப் பிடிச்சிருந்தது, பொய் சொல்லல. ஆனா பத்து வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் சரியா இருக்கும்னு நான் அப்பவே எழுதிக் குடுத்தேன்.”

“அப்ப சிறுவர் பிரிவுல வைக்கலாமே?”

“கேட்டேன் சார். அங்க படம் போட்ட புக்குதான் போகுதாம். இது எழுத்து ஜாஸ்தின்னுட்டாங்க.”

சின்னவர்களுக்குப் பெரிது, பெரியவர்களுக்குச் சின்னது. அத்தான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றோடு நூலகத்துக்குச் சுற்றிப் போவதை நிறுத்தி, பழைய வழியிலேயே வீட்டுக்கு வந்தார்.

முடிவு சொல்லும் நாளன்று அவர் போகவே போவதில்லை என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. “கூப்பிட்ட இடத்துக்குப் போகணுங்க. தோத்தா ஓடி ஒளிஞ்சுக்க நாம என்ன தப்பா பண்ணிட்டோம்?” என்றாள். அவளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அத்தான், பாப்பா, நான் மூவரும் போனோம்.

காதல் கதை ஜெயித்தது. அந்தப் பெண்மணி வெளியூரில் இருந்ததால் திரையில் வந்து நன்றி சொன்னார். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை இறங்கு வரிசையில் சொல்ல வேண்டாம் என்று நூலகருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “நம்ம ஊர் எழுத்தாளருக்குச் சிறப்புப் பாராட்டு” என்று அறிவித்தார். அத்தான் மேடையேறிச் சான்றிதழ் வாங்கினார். லிஃப்ட் அங்கிள் என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். நல்ல கைதட்டல். அதற்குள் ஜாடிகளில் இருந்த மணிகளை ஒரு பெட்டியில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். முதல் ஜாடி மழைபோலச் சத்தம் போட்டது.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். கொஞ்ச தூரம் போயிருப்போம். அத்தான்தான், மகளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “சரி விடு பாப்பா. உன் ஒரு மணி அதுல இருந்துச்சுல்ல, அது போதும் எனக்கு” என்றார்.

பாப்பா நடந்துகொண்டே இருந்தாள். கடைகள் இருந்த வளைவு வந்ததும் நின்றாள்.

“நான் அதுக்குப் போடலப்பா.”

அத்தான் சிரித்தார். “விளையாடாத.”

“விளையாடல. துப்பறியும் கதைக்குப் போட்டேன். அது எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்தது. ஒரே மூச்சுல படிச்சேன்.” கழுத்தில் தொங்கிய இயர்போனை விரலில் சுற்றினாள். “நீங்க எழுதினதையும் படிச்சேன்பா. முழுசா. அதுல வர்ற பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியல.”

“நீதான்மா அது.”

“இல்லப்பா. நான் அப்படி இருந்தேனாம், அம்மா சொல்றாங்க. எனக்கு ஞாபகமே இல்ல.”

நான் இடையில் புகுந்து, “அப்பாவுக்காக ஒரு மணி போட்டா என்ன குறைஞ்சு போயிருப்ப?” என்று கேட்டுவிட்டேன். அத்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“அவளை ஒண்ணும் சொல்லாதடா” என்றார். பிறகு அவளிடம், “ஜாடி முன்னாடி நின்னு ரொம்ப நேரம் யோசிச்சியா?” என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். அழுதாள். அத்தான் அவள் தோளில் கை வைக்கப் போய், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டார். வீடு வரை அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

அதற்குப் பிறகு அத்தான் எழுதவில்லை. எழுதப்போவதில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. வேலையிடத்தில் யாராவது, “என்ன சார், அடுத்த புக்கு எப்போ?” என்று கேட்டால், “போய்க்கிட்டே இருக்கு” என்பார். மோட்டார் அறையில் உட்காரும் நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “மோட்டார் சத்தத்தைக் கேக்குறேன். அதுக்குத்தானே சம்பளம்” என்றார். பாப்பாவோடு அவருக்குச் சண்டை எதுவும் இல்லை. காலேஜ் விண்ணப்பம், பஸ் பாஸ், சாப்பிட்டியா, தூங்கினியா என்று எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். அவள் கேட்டபோது விடாதவர், யாரும் கேட்காமல் விட்டார். இப்போது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் அவள் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறாள்.

போன மாதம் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். அக்கா சமையல் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து, புடவைத் தலைப்பில் கை துடைத்தபடி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, உங்க புக்கை நான்தான் இன்னும் முழுசா படிக்கல. நீங்க படிச்சுக் காட்டுனப்ப அங்கங்க காதுல விழுந்ததுதான். எங்க வச்சிருக்கீங்க? இந்த வாரம் படிச்சிடுறேன்.”

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேணாம் விடு” என்றார். “உனக்கும் கடையில நின்னு நின்னு கால் வலி. சீக்கிரம் படு.”