வானுக்கு அடியில் ஒரு வெறும் பெட்டி

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், கல்லடியில் பஸ்தியாம்பிள்ளையின் கராஜில் வினாயகமூர்த்தியின் வான் இரண்டு நாள் ஜக்கியில் தூக்கியபடி நின்றது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த பழைய வான். மாங்கேணியிலிருந்து நோயாளிகளையும் மீன்பெட்டிகளையும் பட்டணத்துக்கு ஏற்றி வருவதுதான் அதன் பிழைப்பு.

"பஸ்தியண்ண, பாலத்தில ஏறக்குள்ள பின்னால ஆரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரிக் கிடக்கு. சைக்கிள்காரன் என்னை முந்திப் போறான்."

"மண்ணெண்ணெயக் கலந்து ஊத்தினா அது என்ன செய்யும், பாவம்?"

"பெற்றோல் தந்தா நான் ஏன் மண்ணெண்ணெய் ஊத்துறன்?"

பெற்றோல் போராளிகளின் கைக்குப் போய்விடுமென்று, இராணுவச் சோதனைச்சாவடியில் ஒரு பயணத்துக்குப் பத்து லீற்றர்தான் விடுவார்கள். போய்வர நூறு கிலோமீற்றர். முன்பு லீற்றருக்குப் பத்து ஓடிய வான் இப்போது ஆறுதான் ஓடியது. போன கிழமை பிள்ளைப்பேற்று நோவோடு வந்த ஒருத்தியை நடுவழியில் இறக்கி உழவு மெஷின் பெட்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் மூர்த்தி பகிடி விடவில்லை.

பஸ்தியாம்பிள்ளை காபரேற்றரைக் கழற்றிப் பார்த்தார், பிளக்குகளைப் பார்த்தார். குறையில்லை. பிறகு இயந்திரத்துக்குக் கிட்ட புகைக்குழாயின் இணைப்பைத் தளர்த்திவிட்டு ஓட்டினார். வான் கட்டவிழ்ந்த மாடு போலப் பாய்ந்தது. அடைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. சைலன்சருக்கு முன்னால், புகையைச் சுத்தமாக்க ஜப்பான்காரன் வைத்த கொன்வேட்டர் பெட்டி. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துவாரங்கள் உள்ள பீங்கான் கட்டி. ஈயம் கலந்த பெற்றோல் அதற்கு ஆகாது; இங்கே கிடைத்ததோ அது மட்டும்தான். போதாததற்கு, எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் அங்கே போய் எரிந்து கூட்டை உருக்கியிருந்தது. புகை போக வழியில்லாமல் மூச்சு முட்டிய இயந்திரம் பெற்றோலைக் குடித்தும் பலமில்லாமல் கிடந்தது.

"கழட்டி எறியண்ண. ஒரு பைப்பப் போட்டு விடு."

"பைப் போட்டா சத்தம் ஊரைக் கூட்டும். சென்றியில நிக்கிற ஆமிக்காரன் வெடியெண்டு நிலத்தில படுத்திருவான்."

மூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பெட்டியை வெட்டித் திறந்து, கூட்டை உளியால் கொத்திக் கொட்டி, வெறும் பெட்டியை வெல்டிங்கால் மீண்டும் ஒட்டினார் பஸ்தியாம்பிள்ளை. கொழும்புக் கராஜ் ஒன்றில் பதினொரு வருஷம் வேலைக்கு நின்றவர். எண்பத்திமூன்று கலவரத்தில் உயிரோடும் ஒரு ஸ்பானர் பெட்டியோடும் ஊர் திரும்பியவர். யாரும் பார்க்காத இடமென்றாலும் வேலை அழகாக இருக்க வேண்டும் அவருக்கு. ஒட்டிய இடத்தை அராவி மழமழவென்றாக்கி, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் வெள்ளிப் பெயின்ற் பூசினார்.

"என்னண்ண, கலியாண மாப்பிள்ள மாதிரி ஆக்கிப்போட்டாய்" என்றான் மூர்த்தி.

அன்று லீற்றருக்கு ஒன்பதரை ஓடியது.

ஐந்தாம் நாள் மூர்த்தியைப் பிடித்துவிட்டார்கள் என்று அவன் மனைவி புஸ்பம் ஓடி வந்தாள். வாகனத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்த சிப்பாய்க்கு, துருவேறிய பழைய வானின் வயிற்றில் ஒரு பெட்டி மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்திருக்கிறது.

பஸ்தியாம்பிள்ளை கராஜின் பின்புறக் குப்பையைக் கைகளால் கிளறினார். உடைந்த தேன்கூட்டுத் துண்டுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு புஸ்பத்தோடு இராணுவ முகாமுக்குப் போனார். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்கள். அதற்கிடையில் பெட்டியை வெட்டிப் பார்த்திருந்தார்கள்.

"நான்தான் ஒட்டினது, சேர். உள்ள ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத பெட்டிய ஏன் மூடினது? என்ன கொண்டு போனது?" என்றான் அதிகாரி, தட்டுத் தடுமாறிய தமிழில்.

பையை மேசையில் கொட்டி, அடைப்பையும் பெற்றோல் கணக்கையும் விளக்கினார். அதிகாரி ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"வான் எடுத்துப் போகலாம்."

"ஆள், சேர்?"

"ஆள் இஞ்ச இல்ல. வேற இடம் அனுப்பியாச்சு."

எந்த இடம் என்று கேட்டதற்கு அன்றும் பதிலில்லை. பிறகு புஸ்பம் ஏறி இறங்கிய எந்த வாசலிலும் பதிலில்லை.

வானை அவரே மாங்கேணிக்கு ஓட்டினார். பிளந்த பெட்டி வழியெல்லாம் அலறியது. ஒரு சென்றியிலும் எவனும் நிலத்தில் படுக்கவில்லை. போ என்று கையைக் காட்டினார்கள். பைப் போட்டிருந்தால், பெயின்ற் பூசாமல் விட்டிருந்தால் என்று அவர் மனம் ஒவ்வொரு மைல்கட்டையிலும் கணக்குப் பார்த்தது.

"நல்லா இழுக்குது, என்னண்ண?" என்றாள் பக்கத்திலிருந்த புஸ்பம். "அவரும் சொன்னவர்."

பஸ்தியாம்பிள்ளை கியரை மாற்றினார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பழைய வான்களின் பெட்டியை அவர் வெட்டி வெறுமையாக்கினார். ஒட்டி முடித்ததும் வாவிச் சேற்றை அள்ளி அதில் அப்புவார்.

"என்னண்ண, இப்பிடி ஊத்தையாக்கிற?" என்று வான்காரர்கள் குறைப்படுவார்கள்.

"கிடக்கட்டும், தம்பி" என்பார். சேறு காயும் வரை வானை வெளியே விடமாட்டார்.