நான் அடித்த மணி

எண்பத்தாறாம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. கன்னியாகுமரிக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் கோயில் பங்கிலிருந்து நாலு பேர் கொழும்பு வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஊழியம் செய்யப் போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சண்டை நடக்கும் ஊருக்கு விசுவாசத்தை நான்தான் சுமந்து போகிறேன் என்று ஒரு மிதப்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யாழ்ப்பாணக் கடலோரக் குருநகரில் ஒரு மீனவர் வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். வீட்டுக்கார அக்கா அதிகம் பேசமாட்டார். அவர் கணவர் இரவில் கடலுக்குப் போய் விடிந்ததும் திரும்புவார்.

போன அன்றே பங்குச் சுவாமியார் விளக்கிச் சொன்னார். கோயில் மணி இப்போது பூசைக்கு அடிப்பதில்லை. ராணுவத்தின் ரோந்துப் படகோ ஹெலிகாப்டரோ தெரிந்தால் மட்டும்தான் அடிப்பார்கள். மணி கேட்டால் கரையில் இருப்பவர்கள் பங்கர் என்று சொல்லும் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும், கடலில் இருப்பவர்கள் கரைக்கு வரக்கூடாது. பூசைக்கு வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். சொன்னார்தான். நான் பாட்டுப் புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன்.

மாதா பிறந்த நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று விடியலில் மணி அடிக்காவிட்டால் அது பெருநாளே இல்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து கோயிலுக்குப் போனேன். தார் பூசிய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன், பன்னிரண்டு முறை, அவ்வளவு சந்தோஷமாக.

வெளியே வந்தால் தெருவே ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் தூக்கம் கலையாத பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆர் மணி அடிச்சது? வானத்திலையும் ஒண்டுமில்லை, கடலிலையும் ஒண்டுமில்லை!" என்று உள்ளே ஒருவர் கத்தினார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். கடல் தாண்டி வந்த விருந்தாளியை யார் சந்தேகப்படுவார்கள்?

கரையை நெருங்கியிருந்த ஐந்து படகுகள் மணி கேட்டுத் திரும்பிப் போய்விட்டன என்றார்கள். பத்து மணி வாக்கில் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மதியத்துக்குள் நாலு படகுகள் வந்தன. அக்காவின் கணவர் போன படகு வரவில்லை.

அக்கா கரையில் மண் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "வாரும் பிள்ளை, செபமாலை சொல்லுவம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் முன்பாதியைச் சொல்ல, அவர் பின்பாதியைச் சொன்னார். என் வாய் செபம் சொன்னது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அரித்தது. அந்த மனிதர் செத்திருந்தால் கொன்றவள் நான்தானே. நான் கோழை, வேறு என்ன சொல்ல?

கர்த்தர் கற்பித்த செபம் வரும்போதெல்லாம் அக்கா ஒரு வரியை விட்டுவிட்டுப் போனார். நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பதாகச் சொல்கிறோமே, அந்த வரி. கவலையில் மறக்கிறார் என்று நினைத்தேன். திருத்தலாமா என்றுகூட யோசித்தேன். என் லட்சணம் அப்படி.

மண்டைதீவுப் பக்கம் வெயில் சாய்ந்தது. இரண்டாவது செபமாலையின் கடைசிப் பத்து. அக்கா அந்த வரிக்கு வந்ததும் நின்றார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக அதைச் சொல்லி முடித்தார்.

அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. எண்ணெய் தீர்ந்து துடுப்புப் போட்டு வந்தார்கள். அக்காவின் கணவர் எழுந்து நின்று கையசைத்தார். நான் பாவாடையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அங்கேயே, பின்னால் ஓடிவந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, காலையில மணியடிச்சது நான்தான்."

"தெரியும் பிள்ளை. பங்கருக்கை கூட்டிக்கொண்டு போகேக்கையே உம்மடை கையிலை கயித்துத் தாரைக் கண்டனான்" என்றார்.

அவர் அந்த வரியைச் சொன்ன நேரத்தில் கடலில் ஒரு படகும் இல்லை.